இரும்புக்கடைப் பெயர்கள்

முயல் வேட்டைக் காலம் முடிந்த மறுநாள்
வாயிற்கம்பியில் மூன்று நாய்கள் கட்டிக்கிடந்தன.
நெட்டைக் கால், ஒட்டிய வயிறு,
விலா எலும்பை வரிசையாக எண்ணலாம்.
ஒன்றும் குரைக்கவில்லை.
கயிறு மட்டும் புதிது.
கடையின் விலைச்சீட்டு இன்னும் அதில் ஆடிக்கொண்டிருந்தது:
இரண்டு யூரோ நாற்பது.

எக்ஸ்ட்ரமதுராவில் பிப்ரவரி இப்படித்தான் பிறக்கும்.
ஓடிக் களைத்தவை, ஓடத் தெரியாதவை,
முயலைவிட்டுப் பட்டாம்பூச்சியைத் துரத்தியவை.

நாற்பது நாய்களுக்கென்று கட்டிய காப்பகம்.
இன்றைய கணக்கு நூற்றுப் பதினொன்று.
மருந்தறையில் ஆறு,
குளியலறையில் இரண்டு,
என் மேசைக்கடியில் ஒரு கிழட்டுப் பெட்டை.
அதன் வால் என் கணுக்காலில்
அவ்வப்போது எதையோ நினைத்துக்கொள்ளும்.

பெயர்கள் தீர்ந்துபோய் நாளாயிற்று.
ஃபுவென்சாந்தா இரும்புக்கடைப் பட்டியலை விரித்துவைத்து
வருகிற வரிசையில் சூட்டுகிறாள்:
கீல். திருகாணி. ரம்பம். சுத்தியல்.
"தாழ்ப்பாளே, வாடி" என்றால்
மேசைக்கடியிலிருந்து
வெட்கத்தோடு எழுந்துவருகிறது கிழவி.

வேட்டைக்காரர்களைத் திட்டுவது சுலபம்.
திட்டுகிறோம், கூண்டு கழுவும்போது, உரக்க.
ஆனால் என் இழுப்பறையில் பதினோரு வருடப் படிவங்கள்.
'ஒப்படைக்கும் காரணம்' என்ற கட்டத்தில்
அவரவர் கையெழுத்தில்:
குழந்தை பிறந்திருக்கிறது.
படத்தில் பார்த்ததைவிடப் பெரிதாக வளர்ந்துவிட்டது.
விவாகரத்து, இருவருக்கும் வேண்டாம்.
புது சோபா.
அவ்வளவுதான் எழுதியிருந்தது: புது சோபா.

ஒருத்தி எதுவும் எழுதாமல் அழுதாள்.
வீட்டைப் பூட்டி சாவியை வங்கி எடுத்துக்கொண்டதாம்.
அவளுக்குத் தண்ணீர் கொடுத்தேன்.
கோபப்பட இடம் தேடினேன், கிடைக்கவில்லை.

மார்ச்சில் அன்செல்மோ வந்தார்.
ரோட்டர்டாமுக்குத் தக்காளி ஏற்றிப்போகும் லாரிக்காரர்.
கூண்டு கூண்டாகப் பார்த்துவிட்டு
படிவம் நிரப்ப என் எதிரே உட்கார்ந்தார்.
மேசைக்கடியிலிருந்து தாழ்ப்பாள்
அவர் பூட்ஸின் மேல் தாடையை வைத்தது.
அவர் காலை அசைக்கவில்லை.

ஏழாவது கேள்வி:
நாய் தினமும் எத்தனை மணிநேரம் தனியாக இருக்கும்?
பேனா அங்கேயே நின்றது.
விரல்விட்டு எண்ணினார்.
"வாரத்தில் நான்கு இரவு சாலையிலே இருக்கிறேன்" என்றார்,
என்னிடமல்ல, பூட்ஸிடம்.
பிறகு மெதுவாகக் காலை உருவிக்கொண்டு போய்விட்டார்.

அன்றிரவும் கணக்கு குறையவில்லை.
ஃபுவென்சாந்தா வாளியை எட்டி உதைத்தாள்.
நான் அந்தப் பாதிப் படிவத்தைக் கிழிக்காமல்
தனியாக எடுத்துவைத்தேன்.
ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.
அழகை எண்ணாமல் மணிநேரத்தை எண்ணிய
ஒரே ஆள்
அந்தக் குளிர்காலம் முழுக்க.

கோடை வந்தது. ஓட்டுக்கூரை கொதித்தது.
ரம்பம் செத்துப்போனது.
கீலை ஒரு பள்ளி ஆசிரியை கொண்டுபோய்
ஒன்பதாம் நாள் திருப்பிக் கொண்டுவந்தாள்.

அக்டோபரில் மறுபடி அதே பூட்ஸ்.
நகராட்சிக் குப்பை வண்டிக்கு மாறிவிட்டாராம்,
சம்பளம் குறைவு, இரண்டு மணிக்கு வீடு.
"அந்தக் கிழவி..." என்று ஆரம்பித்து நிறுத்தினார்.
நான் நாற்காலியைப் பின்னால் தள்ளினேன்.

பல்லெல்லாம் போய்விட்டது என்றேன். தெரியும் என்றார்.
மருந்துச் செலவு இருக்கும் என்றேன்.
சிகரெட்டை விட்ட கணக்கு ஒன்று சொன்னார்.
சிப்பில் தன் தொலைபேசி எண்ணைப் பதிந்ததும்
அதை எனக்கு இரண்டு முறை படித்துக்காட்டினார்,
எங்கே தப்பாகிவிடுமோ என்று.

நூற்றுப் பத்து.
மாலை முழுக்க என் கணுக்கால் குளிர்ந்துகிடந்தது.

விடிந்தபோது வாயிலில் ஒரு வாழைப்பழ அட்டைப்பெட்டி.
உள்ளே கண் திறக்காத ஆறு குட்டிகள்.
தாய் எங்கே, எந்த வீட்டில்,
அடுத்த ஈற்றுக்கு எத்தனை மாதம்,
பெட்டியில் எழுதியிருக்கவில்லை.
ஃபுவென்சாந்தா பட்டியலில் பக்கம் திருப்பினாள்:
இனி பெயின்ட் வகைகள்.

பெட்டியின் மூடியில் யாரோ
பென்சிலால் குத்திக் குத்திக்
காற்றுத் துளைகள் போட்டிருந்தார்கள்,
அக்கறையாக, வரிசை பிசகாமல்.

எண்ணிப் பார்த்தேன்.
பதினாறு.