அக்கி எழுத முடியாத இடம்

பகாவ் கிளினிக்கில் வியாழக்கிழமை பிள்ளைத்தாய்ச்சி நாள்.
இளஞ்சிவப்புப் புத்தகங்கள் மேசையில் அடுக்கடுக்காய்.
என் புத்தகத்தில் மட்டும்
பச்சை வில்லைமேல் மஞ்சள் வில்லை ஒட்டினார்
மிஸ்ஸி நோராய்னி.
பக்கத்து நாற்காலிக்காரி எட்டிப் பார்த்து
"இனிப்பு நீரா?" என்றாள்.
ஆமாம் என்றேன்.
இனிப்பு நீர் எவ்வளவு மரியாதையான வியாதி!

முதுகில் வந்திருந்தால்
காவியைக் குழைத்து அக்கி எழுதியிருப்பார்கள்,
எஸ்டேட்டே வந்து பார்த்துப் போயிருக்கும்.
இது
கைக்கண்ணாடி வைத்து நான் மட்டும் பார்த்த இடம்.
மூத்திரம் போகையில் பல்லைக் கடித்த
ஐந்தாம் மாதம்.

யாரிடமிருந்து என்று கேட்டேன்.
டாக்டர் பேனாவை மூடினார்.
"வருஷக்கணக்கில் உள்ளே தூங்கியிருக்கலாம்.
அவரிடமிருந்தா, முன்பே உங்களிடம் இருந்ததா,
இந்தச் சோதனை சொல்லாது."
செம்பனை எண்ணெய் லோரியில்
பாசிர் கூடாங் போய்வரும் நாகேந்திரன்
அன்றிரவு சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.
நானும் கேட்கவில்லை, அவனும் கேட்கவில்லை.
கேட்காத கேள்விகள் இரண்டும்
விடியவிடிய எங்களுக்கு நடுவே புரண்டன.

முப்பத்தாறாம் வாரத்திலிருந்து மூன்று வேளை மாத்திரை.
மைலோ டின்னுக்குள் ஒளித்துவைத்தேன்.
"வலி எடுக்கும்போது புண் இருந்தால்
பிள்ளை அந்த வழியாய் வரக்கூடாது.
கண்ணுக்குப் போகும், மூளைக்கும் போகும்.
பக்கத்தில் யார் இருந்தாலும்
வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள்."

கோலா பிலா ஆஸ்பத்திரி.
என் பையைப் பிடித்தபடி மாமியார்.
காலையிலிருந்தே அந்தக் குறுகுறுப்பு.
மாமியாருக்கும் மலாய் தெரியும்,
எந்த மொழியில் போய் ஒளிவது?
"கீழே புண் இருக்கு."
முதலில் தமிழில்தான் வந்தது.
பிறகு மலாயில், சத்தமாக.
மாமியார் பையை
இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார்.
அவ்வளவுதான்.

வயிற்றைக் கிழித்து எடுத்தார்கள்.
ரெண்டு கிலோ எழுநூறு. நல்ல அழுகை.

ஏழாம் நாள் பெரியப்பா வந்தார்,
உதட்டோரம் கொப்புளத்தோடு.
"ராத்திரி டுரியான், ஒரே சூடு" என்று சிரித்தபடி
பிள்ளையின் கன்னத்துக்குக் குனிந்தார்.
ரெண்டும் ஒரு வயிற்றுக் கிருமிகள்.
உதட்டில் வந்தால் சூடு,
கீழே வந்தால் சூது.

கையைக் குறுக்கே நீட்டினேன்.
தையல் இழுத்தது.
"முத்தம் வேண்டாம், பெரியப்பா."

வீடு ஒரு நொடி அடங்கிப்போனது.
அடுப்படியிலிருந்து, முகம் காட்டாமல், மாமியார்:
"அவ சொல்றது சரிதான்.
தள்ளி உட்காருங்க."