சாவி எண் பதினான்கு

கணேசபுரம் சுரங்கப்பாதையில் இடுப்பளவு தண்ணீர்.
இதற்கு மேல் வராது என்று ஆட்டோ நின்றுவிட்டது.
செருப்பைக் கையில் பிடித்துச்
சுற்றி நடந்தேன் வியாசர்பாடிக்கு.
சுற்றறிக்கை என்று
சரியாகத்தான் பேர் வைத்திருக்கிறார்கள்.

'ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு
வாரம் இரண்டு பாடவேளை செய்முறை.
நடைமுறையில் உள்ளதை
மேற்பார்வையாளர் உறுதி செய்ய வேண்டும்.'
உறுதி செய்ய ஒரு கட்டம் உண்டு.
ஆம். இல்லை.
மூன்று வருடமாக
அலுவலக மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து
ஆம் போட்டவள் நான்.

தலைமையாசிரியர் ரெஜினாள்
டீ, இரண்டு பட்டர் பிஸ்கட்,
கேட்கும் முன்பே பதிவேடு.
எல்லாச் செவ்வாயும் செய்முறை நடந்திருக்கிறது,
பொங்கல் விடுமுறைச் செவ்வாய் உட்பட.

"லேபைத் திறங்க."

சாவி எண் பதினான்கைத் தேட
தணிகாசலத்துக்கு இருபது நிமிடம்.
உள்ளே கரப்பான் நாற்றம்.
வாங்கிய அன்று சுற்றிய தாளுக்குள்ளேயே
பியூரெட்டுகள்.
எலும்புக்கூட்டின் தலையில்
யாரோ மாட்டிய மங்கி குல்லாய்.

திட்டத்தான் வாயைத் திறந்தேன்.
அறிவியல் ஆசிரியை பெனடிக்டா
தரையைப் பார்த்துச் சொன்னாள்:
"போன ஸ்கூல்ல ஒரு பியூரெட் உடைஞ்சது மேடம்.
எழுநூத்தம்பது ரூபா. சம்பளத்துல பிடிச்சாங்க.
அப்புறம் போர்டுலயே வரைஞ்சிடறேன்.
படம் உடையாது."

இருப்புப் பதிவேட்டைக் கேட்டேன்.
'உடைந்தவை' என்ற பத்தி
ஒன்பது வருடமாக வெறுமை.
அதில் எழுதினேன்:
சோதனைக் குழாய் இருபது, பியூரெட் இரண்டு.
மாணவர் கற்கையில் உடைந்தவை. ஏற்கப்பட்டது.
பச்சை மை. கையெழுத்து. தேதி.

ரெஜினாள் கண்ணாடியைக் கழற்றினார்.
"இன்னும் உடையலையே மேடம்."
"உடையும்."

தணிக்கைக்காரர் வருவார், தெரியும்.
எனக்கு ஓய்வுக்குப் பதினோரு மாதம்.
பென்ஷன் கோப்பில்
இந்த இருபத்திரண்டு கண்ணாடியும்
ஒரு காகிதமாக வந்து உட்காரலாம்.
கணவரிடம் சொல்லவில்லை.
படிவத்தில் 'இல்லை' போட்டேன்.
திரும்பும்போதும் தண்ணீர் வடிந்திருக்கவில்லை.

அடுத்த செவ்வாய் ஆய்வுக்கூட்டம்.
திரையில் எல்லா மண்டலமும் பச்சை,
நடுவில் ஒற்றைச் சிவப்புப் புள்ளி.
"யாரோட ஸ்கூல் அது?" என்று மேலதிகாரி
மைக்கில் கேட்கும் நேரத்தில்
என் கைப்பையில் போன் அதிர்ந்தது.

ஒரு போட்டோ.
தரையில் சில்லுகள்.
முறத்தோடு குனிந்த தணிகாசலம்.
பின்னால், இரண்டு கையாலும் வாயைப் பொத்தி
ஒரு ஒன்பதாம் வகுப்புக்காரி,
அழுகிறாளா சிரிக்கிறாளா தெரியவில்லை.
கீழே பெனடிக்டா:
'ஒண்ணு போச்சு மேடம்.'

எழுந்து நின்றேன், என் ஸ்கூல்தான் என்று சொல்ல.
அதற்கு முன்
மேசைக்கடியில் பதில் தட்டினேன்:
'இன்னும் பத்தொன்பது இருக்கு.'