ஒன்றரை நிமிடம்

பணகுடிக்குத் தெற்கே
ஆனிக் காற்று தகரக் கூரையைப் பிடித்து உலுக்கிய ராத்திரி,
இரண்டே காலுக்கு, கரண்டு போய் வந்தது.
அறுபத்திரண்டு காற்றாலை சுற்றும் காட்டில்
எங்கள் அறைக்குக் கரண்டு இல்லை என்றால்
லைன்மேன் சிரிப்பார்.
யு.பி.எஸ். பேட்டரி போன மாதமே உப்பிப் போய்விட்டது.
சித்திரைக்குப் பிறகு
கணினி அணைந்தது இதுதான் முதல் தடவை.

எழுந்தது. பாதியில் நின்றது.
கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தாக
ஒரே புலம்பல்:
டிஸ்கைப் படிக்க முடியவில்லை,
படிக்க முடியவில்லை,
பதில் வரத் தாமதமாகிறது, தயவுசெய்து பொறுத்திரு.
இந்த வேலையில் சேர்ந்து
'தயவுசெய்து' என்று என்னிடம் யாராவது சொன்னது
அன்றைக்குத்தான்.

சிவனணைந்த பெருமாள் சார் போனில்
கொட்டாவியோடு சொன்னார்:
"டிஸ்க்கு செத்துட்டு போல.
சவத்த அப்படியே போடு,
வள்ளியூர்ல கடை தொறக்கட்டும், புதுசு வாங்கிருவோம்."
கடை திறக்கும் வரை
எந்த ஆலை எவ்வளவு ஓடியது என்று யார் எழுதுவது?
அது போக,
செத்தது என்று சொல்லுமுன்
நாடியாவது பிடித்துப் பார்க்க வேண்டாமா?

பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியைத் திறந்தேன்.
திருகாணிகள் சாப்பாட்டு டப்பா மூடியில்.
உள்ளே கைப்பிடிச் செம்மண்,
பொரிந்துபோன பல்லிமுட்டை ஓடு இரண்டு,
பாதி கழன்று தொங்கும் சிவப்புக் கேபிள்.
இந்தக் காற்று
மூடியிருக்கும் எதையும் நம்புவதில்லை.
துடைத்து, அழுத்தினேன். க்ளிக்.

பென் டிரைவிலிருந்து எழுப்பிக் கேட்டால்
பன்னிரண்டு இடம் கெட்டிருக்கிறது என்கிறது டிஸ்க்.
பன்னிரண்டு பன்னிரண்டாகவே நின்றால் பிழைக்கும்,
நாளைக்குப் பதினான்கு என்றால் சார் சொன்னதுதான்.
முதலில் எல்லாவற்றையும் நகல் எடுத்தேன்.
அதற்குப் பிறகுதான் வைத்தியம்.
எஃப் எஸ் சி கே.
உயிரெழுத்தே இல்லாத பெயர்,
உதடு வைத்துக் கூப்பிட முடியாது, அடிக்கத்தான் முடியும்.
சரிசெய்யட்டுமா? ஆம்.
சரிசெய்யட்டுமா? ஆம்.
நாற்பது தடவை தலையாட்டினேன்.
பெயரை மறந்த மூன்று கோப்புகள்
வெறும் எண்ணோடு வந்து ஓரமாக உட்கார்ந்தன.

மறுபடி எழுப்பினேன். புலம்பல் இல்லை.
ஆனால் நின்றது.
இன்னொரு டிஸ்கிற்காகக் காத்திருக்கிறேன் என்றது.
பத்து விநாடி. நாற்பது. எண்பது.
ஒன்றரை நிமிடம்,
ஒரு விநாடி கூடவும் இல்லை, குறையவும் இல்லை.
பிறகு அவசர நிலை, ரூட் பாஸ்வேர்டு கொடு.

வியாகப்பன் அண்ணனை மஸ்கட்டில் பிடித்தேன்.
அங்கேயும் நைட் ஷிப்ட்.
"நாற்பத்தொண்ணாம் ஆலை, சின்ன எழுத்துல,
எடவெளி விடாம அடி, சலேத்து."
கதவு திறந்தது.
"ரெண்டாவது டிஸ்க்கா? சத்தம் போட்டுச்சுன்னு
கெளம்புத அன்னைக்கு நாந்தான் கழத்தினேன்.
பட்டியல்ல பேரை எடுக்க மறந்துட்டேன் பாத்தியா."
கொஞ்சம் நிறுத்தி,
"நாப்பத்தொண்ணு ஓடுதா?"
கியர்பாக்ஸ் உடைந்து எட்டு நாளாகப் பிரேக்கில் நிற்கிறது.
"காத்து நல்லாருக்குண்ணே" என்றேன்.

அந்த வரியை அழிக்கவில்லை.
முன்னால் ஒரு வேலிக்குறி மட்டும் போட்டேன்.
பட்டியலில் இருக்கும், யாரும் கூப்பிட மாட்டார்கள்.
அடுத்த தடவை
எதற்கும் நிற்காமல் எழுந்து வந்தது கணினி.

மணி மூன்று ஐம்பது.
ரிஜிஸ்டரில் எழுதப் போனேன்.
தாள் பறக்காமலிருக்க மேலே வைத்திருந்த கனத்தை
எடுத்தபோதுதான் பார்த்தேன்:
அண்ணன் கையெழுத்தில்
கறுப்பு மார்க்கரில் 'இரண்டு'.
கணினிக்கும் அதற்கும் ஒரு சாண்.
பக்கங்கள் படபடத்தன.
எழுதி முடித்து
எடுத்த இடத்திலேயே வைத்தேன்.