பன்னிரண்டு எண்ணினால் எரியும்

முதலில் பல்பைத்தான் சந்தேகப்பட்டேன்.
யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள்.
அரவேணுவில் வாங்கியது, நூற்றிருபது ரூபாய்,
ஓராண்டு உத்தரவாதம்.
மாட்டிய அன்றிரவே
பழைய பல்பின் புத்தி அதற்கும் வந்துவிட்டது.

அணையும். எரியும். அணையும்.

இரண்டாம் ஷிப்ட் முடிந்து
தேயிலைத் தூசி ஒட்டிய சட்டையோடு இறங்கினால்
ரோட்டிலிருந்து வீட்டுக்கு எழுபத்தொரு படி.
நடுவே ஒரு பேரி மரம்.
பழுத்தால் கரடி வரும்.
பழுக்காவிட்டாலும் வரும், பார்த்துவிட்டுப் போக.
விளக்கு எரியும்போது ஏறுவேன்
அணையும்போது நிற்பேன்
இருட்டில் மூச்சு வாங்குவது
நானா அதுவா என்று கேட்டுக்கொண்டே.

ஆலையில் டிரையர் நின்றால் என்னைத்தான் எழுப்புவார்கள்.
பேரிங்கின் சத்தத்தை வைத்தே அதன் ஆயுசைச் சொல்வேன்.
"ஊருக்கு மெக்கானிக்,
வீட்டு வாசல்ல பேய் கண்ணடிக்குது" என்றாள் ஜெசிந்தா.

ஞாயிற்றுக்கிழமை.
மெயினை இறக்கிவிட்டு ஏணி வைத்தேன்.
ஜங்ஷன் பாக்ஸுக்குள்
அரை டம்ளர் மழை,
ஒரு நத்தை,
போன கோடையில் செத்த எறும்புகள்.
டேப்பை உரித்தால்
செம்புக் கம்பி பச்சை பூத்திருந்தது.
கண்டுபிடித்துவிட்டேன் என்று
பள்ளத்தாக்குக்கே கேட்கும்படி கத்தினேன்.
துடைத்து, சுரண்டி, முறுக்கி,
அடியில் தண்ணீர் வடிய ஓட்டை போட்டு,
நத்தையை முள்ளங்கிப் பாத்தியில் குடிவைத்தேன்.

நான்கு இரவு நின்று எரிந்தது.
நான்கு இரவும் நல்ல நட்சத்திரம்.
ஐந்தாம் நாள்
பனிமூட்டம் சரிவேறி வந்தது.

அணையும். எரியும்.

யோகராசன் வந்தான்.
ஹோல்டரை மாற்றினான், டெஸ்டரை வைத்துப் பார்த்தான்.
"எல்லாம் சரியாத்தான் இருக்குண்ணே."
சரியாக இருப்பதற்கு முன்னூறு ரூபாய்.

பிறகு லச்சி அக்காவின் போன்.
எதிர்ச் சரிவில், கணுக்கால் முறிந்து
ஜன்னலோரம் படுத்திருப்பவர்.
"யாருக்கு சிக்னல் குடுக்குறீங்க?
பன்னெண்டு எண்ணினா எரியுது,
பன்னெண்டு எண்ணினா அணையுது.
நேத்து விடிய விடிய எண்ணினேன்,
ஒரு தடவைகூடத் தப்பல."

அப்படியே ஏணிக்கடியில் உட்கார்ந்துவிட்டேன்.
லூஸ் கம்பிக்கு ஒழுங்கு தெரியாது.
நனைந்த இணைப்பு தன் இஷ்டத்துக்குத் துடிக்கும்.
எண்ணி அணைகிற ஒன்று
எதையோ பார்த்துவிட்டு அணைகிறது.

சென்சார்.
இருட்டினால் ஏற்று, விடிந்தால் அணை.
பட்டாணி அளவு கண், அதற்கு இவ்வளவுதான் வேலை.
விளக்குக்கு ஒரு சாண் கீழே
பொருத்தியவன் நான்.
விளக்கு எரிந்ததும்
வெள்ளைச் சுவராக முன்னால் நிற்கும் பனிமூட்டம்
அந்த வெளிச்சத்தை அந்தக் கண்ணுக்கே திருப்பிவிடுகிறது.
விடிந்ததாக நம்பி அணைக்கிறது.
இருட்டுகிறது, ஏற்றுகிறது, மறுபடி விடிகிறது.
ஒரே ராத்திரியில் ஆயிரத்துச் சொச்சம் விடியல்.
ஒன்றுக்கும் சேவல் கூவவில்லை.

அரையடி பிவிசி பைப்பைச் சாய்த்து வெட்டி
அந்தக் கண்ணுக்குக் குல்லா போட்டேன்.
விளக்கைப் பார்க்காதபடி
முகத்தைத் தேயிலைப் பக்கம் திருப்பி வைத்தேன்.
செலவு, ஒரு பழைய பைப், ஒரு கீறல்.

அன்றிரவு கையைக் கையே காணாத மூட்டம்.
அதற்குள் விளக்கு அசையாமல் நின்றது.
ஒன்று, இரண்டு, இருபது, முப்பது,
எங்கும் நிற்காமல் ஏறினேன்.
முப்பத்தாறாம் படியில்
மரத்தடியில் கரடி.
வாயில் பேரிக்காய், மூக்கில் பனித்துளி,
இத்தனை நாள் பாதி பாதியாய் இருந்தது
முழுசாகத் தெரிந்தது.
அதுவும் என்னை முழுசாகப் பார்த்தது.

இருவருமே இருட்டுக்காகக் காத்திருந்தோம்.
வரவில்லை.

சட்டைப் பையில் போன் அதிர்ந்தது.
அணையவே இல்லையே என்று
லச்சி அக்காவாகத்தான் இருக்கும்.
எடுக்கவில்லை.
பன்னிரண்டு எண்ணினேன்.
இன்னொரு பன்னிரண்டு.