இரண்டு பாக்கெட் மெழுகுவர்த்தி

வில்மருக்குச் சம்பளம் வரவில்லை.
"செவ்வாய்க்கிழமை தருவார்கள்" என்கிறான்.
எந்தச் செவ்வாய் என்று சொல்லவில்லை.
டிசம்பர் ஏழு மட்டும்
சொன்ன தேதிக்கு வந்துவிட்டது.

மேசைமேல் சில்லறையைக் கொட்டி எண்ணுகிறேன்.
புன்யுவேலோ சுட மாவும் பாலாடைக்கட்டியும்.
இருபது இருபதாக
இரண்டு பாக்கெட் மெழுகுவர்த்தி.
மிஞ்சியது
நாலு பேர் ஒரு தடவை கேபிள் காரில் ஏறும் காசு.

ஒரு தடவைதான் ஏறினோம்.
இறங்கத்தான் இல்லை.
வாசல் கம்பியைத் தாண்டாத வரை
மேலே போகலாம், கீழே வரலாம்,
யாரும் கேட்பதில்லை.
மெடலின் நகரம் காலுக்கடியில் சாய்ந்து கிடந்தது,
செங்கல், தகரம், கொடியில் காயும் சட்டை,
யாரோ மொட்டைமாடியில் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள்.
நான்காம் சுற்றில் எய்தெர் கண்ணாடியில் மூக்கை அழுத்தி
"என் பந்து!" என்று கத்தினான்.
ஆகஸ்டில் தொலைந்த பந்து.
கிடந்த இடம்
டோன்யா ஒராலியாவின் கூரை.

டோன்யா ஒராலியாவோடு
மார்ச்சிலிருந்து எனக்குப் பேச்சில்லை.
சாக்கடைத் தண்ணீர் விவகாரம்.
நியாயம் என் பக்கம்தான்,
அதை இங்கே விரிக்க வேண்டாம்.

இருட்டியதும் படிக்கட்டில் பலகை போட்டோம்.
எங்கள் தெருவே படிக்கட்டுதான்,
முந்நூற்றுப் பன்னிரண்டு படி,
வீட்டுக்கு வீடு வெளிச்சம் ஏறிக்கொண்டிருந்தது.
ஒவ்வொரு திரிக்கும் ஒரு பெயர் சொல்ல வேண்டும்.
சிலி நாட்டுக்குப் போன சித்தப்பாவுக்கு ஒன்று.
லாரியில் அடிபட்டுப் பிழைத்த நாய்க்கு ஒன்று.
வீட்டுக்காரருக்கு ஒன்று,
வாடகையை அவர் மறக்க.
நயீபேக்குப் பதின்மூன்று வயது.
ஒன்றை ஏற்றிவிட்டுப் பெயர் சொல்லாமல் முகம் திருப்பிக்கொண்டாள்.
வில்மர் வாயைத் திறந்தான்,
நான் அவன் காலை மிதித்தேன்.

காற்று வந்து பதினேழை அணைத்தது.
தீப்பெட்டியில் மூன்று குச்சிதான்.
அணைந்ததை அணையாததிடம் கொண்டுபோய்
மறுபடி, மறுபடி.
உள்ளே எண்ணெயில் உருண்டைகள் தாமாகவே புரண்டுகொண்டிருந்தன,
இல்லாவிட்டால் அன்றைக்கு அவை கருகியிருக்கும்.

நாற்பதாவது கையில் மிஞ்சியது.
"பந்துக்கு" என்றான் எய்தெர்.

ஒன்பது படி இறங்கினேன்.
சுடருக்குக் கையை மதிலாக வைத்து,
மறுகையில் தட்டு, தட்டில் ஆறு புன்யுவேலோ.
கதவைக் காலால்தான் தட்ட முடிந்தது.
டோன்யா ஒராலியா சுடரைப் பார்த்தாள்,
தட்டைப் பார்த்தாள்,
கூரையில் பந்து இருப்பதைக் கேட்டாள்.
"ஏறி எடுத்துக்கொள்ளேன்.
ஏணிதான் உன் வீட்டில் இருக்கிறதே,
மார்ச்சில் உன் புருஷன் வாங்கிப்போனது."

ஒன்பது மாதமாக
எங்கள் வீட்டுக் குளியலறைக்குப் பின்னால்
துணி காய்ந்தது அவளுடைய ஏணியில்.
இதை வில்மர் என்னிடம் சொல்லவே இல்லை.

பாதித் தெரு கழுத்தை அண்ணாந்து நிற்க
அவன் ஏறினான், தகரம் முனகியது,
பந்து இறங்கியது
சுருங்கிய தோல் பையாக.
நாள் முழுக்க டயருக்குப் பஞ்சர் ஒட்டுகிறவன்
அதை அமுக்கிப் பார்த்து
"செவ்வாய்க்கிழமை காற்றடிக்கிறேன்" என்றான்.
"எந்தச் செவ்வாய்?" என்றான் எய்தெர்.
முதலில் சிரித்தது டோன்யா ஒராலியா.
எனக்கும் அடக்க முடியவில்லை.

பந்து இல்லாவிட்டால் என்ன,
உருகி வழிந்த மெழுகை
பிள்ளைகள் கரண்டியால் சுரண்டினார்கள்,
சூட்டோடு உருட்டினார்கள்,
நயீபேயும் உருட்டினாள், யாரும் பார்க்காதபோது.
சிவப்பு, மஞ்சள், நீலம் குழம்பிய
எலுமிச்சை அளவு உருண்டை.
பத்து மணிவரை அதைப் படிப்படியாக உதைத்தார்கள்.

இப்போது பலகையில் முப்பத்தொன்பது கரும்புள்ளி.
ஏணி திரும்பிப் போய்விட்டது.
துணி காயவைக்க வேறு இடம் பார்க்க வேண்டும்.
எய்தெர் காற்சட்டையோடு தூங்குகிறான்,
பையில் உருண்டை புடைத்துக்கொண்டிருக்கிறது.
துவைக்கப் போடும்போது
மறக்காமல் எடுக்க வேண்டும்.