முக்கால் மணி நேரம்

கோல்ட் கோஸ்ற், செப்டெம்பர் விடுமுறை.
முதல் வரிசையின் வாலிலேயே ஒரு பலகை:
இங்கிருந்து முக்கால் மணி நேரம்.
முக்கால்.
ஊன்றுகோலையும் சேர்த்தால்
எனக்கும் கணக்குச் சரிதான்.
ஆனால் கோலை
வாடகைக் காரிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன்,
வெயில் படாமல், பின் இருக்கைக்குக் கீழே.

இருபத்தெட்டு வயதில் எனக்கொரு கால்கட்டுப் போட்டார்கள்.
அவள் பெயர் தர்மினி.
ஐம்பத்திரண்டில் இன்னும் இரண்டு,
கறுப்பு, வெல்க்ரோ வைத்தது,
வியர்த்தால் நாறும்.
முதல் கட்டுத்தான்
காலை ஐந்தரைக்கு எழும்பி
மற்ற இரண்டையும் இழுத்துக் கட்டிவிட்டது.
"இறுக்கமோ?" என்றாள்.
எதைக் கேட்கிறாள் என்று தெரியாமல்
"பரவாயில்லை" என்றேன்.

பதினேழு வருடம்
சிட்னித் தபால் கிடங்கில் இரவு வேலை.
கொங்கிறீற் தரை.
ஊரார் கடிதமெல்லாம் ஒழுங்காய்ப் போய்ச் சேர்ந்தன.
என் குருத்தெலும்புதான்
வழியில் எங்கேயோ தவறிவிட்டது.
படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த டொக்டர் சொன்னார்:
மாற்றுவதற்கு நீங்கள் இன்னும் இளசு,
பத்து வருடம் சமாளியுங்கள்.
வீட்டுக்கு வந்து
அந்த 'இளசை' மட்டும் சொன்னேன்.

ஆரபிதான் ஒற்றைக் காலில் நின்றாள்
இந்தப் பயணத்துக்கு.
பதினாறு வயது; ஒற்றைக் காலில்
எவ்வளவு நேரமும் நிற்கலாம்.

சக்கர நாற்காலி வாடகைக்குத் தரும் மேசையில்
ஒரு பெண் என் நடையைப் பார்த்து
மிக மென்மையாக ஏதோ கேட்டாள்.
வேறு யாரையோ கேட்கிறாளாக்கும் என்று
பின்னால் திரும்பினேன்.
அங்கே ஒரு குப்பைத்தொட்டி.
அதன் மேல் ஓர் அரிவாள்மூக்கன்,
அதுவும் ஒற்றைக் காலில்.

வரிசை நகர்ந்தது
ஓர் அடி. பிறகு அரை அடி.
நடந்தால் சமாளிக்கலாம்,
நின்றால்தான் உள்ளே யாரோ
மணல்தாள் போட்டுத் தேய்க்கிறார்கள்.
கம்பியில் சாய்ந்து
வேடிக்கை பார்ப்பவன்போல் நின்றேன்.
வேடிக்கை என்னவோ
முன்னால் நின்றவரின் முதுகுதான்.

ஏறும் இடத்தில் உயரம் அளக்கும் தடி.
கஜரூபன் நிமிர்ந்தான், தலைமயிரைக் கோதி உயர்த்தினான்.
இரண்டு சென்ரிமீற்றர் குறைவு.
அளந்த பையன் உண்மையாகவே வருந்தினான்.
"நான் இவனோட நிக்கிறன், நீங்கள் போங்கோ" என்றேன்,
தியாகியின் குரலில்.
தர்மினி என் முகத்தைப் பார்த்தாள்,
முழங்காலைப் பார்த்தாள்,
ஒன்றும் சொல்லாமல் மகளோடு ஏறினாள்.

நிழலில் ஒரு வாங்கு.
உட்காரும்போது இரண்டு முட்டியும்
அப்பளம் நொறுங்கும் சத்தம் போட்டன.
அவன் எனக்கு முதுகைக் காட்டியபடி இருந்தான்.
தலைக்கு மேலே தண்டவாளம் அதிர
எல்லோரும் அலறிக்கொண்டு போனார்கள்,
அதில் ஒன்று தர்மினியின் குரல்.
இருபத்துநாலு வருடத்தில்
அப்படியொரு சத்தம் அவளிடமிருந்து
நான் கேட்டதில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவன், திரும்பாமலே:
"எனக்கும் இரவில நோகுது. முட்டிக்குக் கீழ. ஏன்?"
வளருகிறாய் என்றேன்.
"அப்ப உங்களுக்கு?"
சிப்ஸ் பையை நீட்டினேன்.

அன்றிரவு வாடகை அறையில்
உறைந்த பட்டாணி ஒரு பொதி.
என் வலது முட்டியில் பத்து நிமிடம்,
இடதில் பத்து,
பிறகு அவன் கால்களுக்குப் போய்
பாதி இளகி என்னிடமே வந்தது.
இருவருக்கும் ஒரே தைலக்குப்பி.
ஆரபி மூக்கைப் பொத்திக்கொண்டு
பல்கனியில் போய் இருந்தாள்.
விளக்கணைத்த பிறகு தர்மினி
"நாளைக்கும் ஒருக்கா ஏறுவமே?" என்றாள்.
என்னைக் கேட்கவில்லை.
முகட்டைப் பார்த்துக் கேட்டாள்.

காலையில் உப்புமா, பச்சைப் பட்டாணி போட்டு.
கஜரூபன் ஒன்றை முள்ளுக்கரண்டியில் குத்தி எடுத்து
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.
பிறகு தின்றான்.