விளக்கு எண் நாற்பத்தொன்று

டூரினில், போ நதிக்கு நான்கு தெரு தள்ளி,
டிராம்கள் உறங்கிய கொட்டகையில்
இப்போது நாற்காலிகள் விழித்திருக்கின்றன.
யாரும் உட்காராத நாற்காலிகள்.
காப்பி வடிக்காத காப்பிப் பானைகள்.
ஒரு சிவப்புத் தட்டச்சு எந்திரம்,
உதட்டுச்சாயம் பூசி முடித்தும்
அழைத்துப்போக யாரும் வராதது மாதிரி.

தரையில் தண்டவாளம் அப்படியே இருக்கிறது.
வாசலில் தொடங்கி வடக்குச் சுவர் வரை போய்
சுவரோடு பேச்சு முறிந்து நின்றுவிடுகிறது.
குதிகால் செருப்பு மாட்டாதிருக்கப்
பள்ளத்தில் ரப்பர் ஊற்றியிருக்கிறார்கள்.

திங்கட்கிழமை, வார விடுமுறை.
ஃபியோரென்சா வந்தாள்,
தோளில் பை, மேல்சட்டையில் பாதி தின்ற ரொட்டி.
நாற்பத்தொன்றாம் விளக்கு எரியவில்லை.
விடிந்தால் பள்ளிப் பிள்ளைகள் எண்பது பேர்.

வெள்ளைக் கையுறையை நீட்டியபடி
காப்பாளர் லுதோவிகா தொடங்கினாள்:
பளிங்கு அடிப்பாகம், ஒரே இழுப்பில் வளைத்த எஃகு,
மூன்று விருதுகள்.
மருத்துவரிடம் வயிற்றுவலியைச் சொல்லாமல்
மகன் வாங்கிய பட்டங்களைச் சொல்லும்
தாயைப் போல.

ஃபியோரென்சா வளைவைப் பார்க்கவேயில்லை.
ஒயரைப் பிடித்துக்கொண்டு போனாள்,
எலி போன வழி தேடுகிறவள் மாதிரி.
மண்டியிட்ட இடத்தில்
ஒயரின் நடுவே, கட்டைவிரல் நீளத்தில்
ஒரு கறுப்பு சுவிட்ச்.
திறந்தால்
உள்ளே பித்தளை நாக்கு தேய்ந்து செத்திருந்தது.

பையைத் துழாவினாள்.
அதே சுவிட்ச். அதே உருண்ட முதுகு.
அறுபது வருஷமாக யாருக்கும்
மாற்றத் தோன்றாத அச்சு.
மார்க்கெட் மூலைக் கடையில் இரண்டரை யூரோ,
பத்து வாங்கினால் ஒன்று இலவசம்.

"அசல் அல்லவா வேண்டும்," என்றாள் லுதோவிகா.
"இதுவும் அசல்தான்.
இன்னும் விற்கிறார்கள், அவ்வளவுதான்."

பட்டியலைப் புரட்டினாள் லுதோவிகா.
வளைவுக்கு ஒரு பெயர் இருந்தது, பிறந்த ஊரோடு.
பளிங்குக்குக்கூட வெட்டியெடுத்த மலையின் பெயர்.
சுவிட்சுக்கு வரியே இல்லை.
வெற்றுக் கட்டத்தில் பேனாவை வைத்து
எடுத்துவிட்டாள்.

டக்.

வெளிச்சம் பக்கத்துப் பெட்டியின் கண்ணாடியில் விழுந்து
அங்கிருந்த தூசியைக் காட்டிக்கொடுத்தது.
லுதோவிகா சட்டைக் கையால் அவசரமாகத் துடைத்தாள்.
பிறகு கையுறை மாட்டிக்கொண்டு
செத்த சுவிட்சை எடுத்துப்
பஞ்சு விரித்த பெட்டியில் கிடத்தினாள்.
நாற்பத்தொன்று - அ.

ரசீது எழுதி முடித்த ஃபியோரென்சாவுக்குப் பசித்தது.
சுற்றிலும் பார்த்தாள்.
இருநூற்றுப் பன்னிரண்டு நாற்காலிகள்,
ஒவ்வொன்றுக்கும் ஒரு கயிறு.
தண்டவாளத்தின் மேல் உட்கார்ந்து
கால் நீட்டி
மீதி ரொட்டியைத் தின்றாள்.